திக்கித் திக்கி ஓடிய படங்கள்

கல்வராயன் மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருக்கிறேன். எனக்கு மலைக்கு மாற்றல் வந்த அதே கோடையில்தான் என் மனைவிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை உறுதியானது. வடக்கனந்தலில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். பாதிச் சாமான் அவளுடைய அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போனது. மீதியை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினோம். அவளுடைய தையல் மெஷினும் அதில் இருந்தது.

"இத எதுக்கு மேல எடுத்துக்கினு போறீங்க? உங்களுக்கு பட்டன்கூட தைக்கத் தெரியாதே" என்றாள்.

டிவி வைக்க மேஜை வேண்டாமா என்றேன். மேஜை ஒன்று வாங்குவது பெரிய காரியமில்லை. அவளுக்கும் அது தெரியும். மெஷினின் காலைத் துணியால் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. வயது நாற்பதைத் தொடப்போகிறது, இப்போது போனால்தான் உண்டு, அப்புறம் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அவளே முடிவு செய்தாள். நானும் சரி என்றேன். சரி என்றபோது அது சீக்கிரம் முடிந்துவிடும் விஷயமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

சென்னை விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் இறங்கிக் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நின்றேன். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. விமானத்தில் உட்கார்ந்துவிட்டதாக அவளிடமிருந்து செய்தி வந்தது. பதில் அடித்தேன். போகவில்லை. அதற்குள் போனை அணைத்துவிட்டிருப்பாள். கள்ளக்குறிச்சி பஸ் வர ரொம்ப நேரம் ஆனது. நான் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அவள் கடல்மேல் போய்க்கொண்டிருந்தாள்.

மலையில் பகல் எப்படியோ போய்விடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை, பிரஷர் என்று வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். டாக்டரும் மற்றவர்களும் கீழேயிருந்து வந்து போகிறவர்கள். சாயங்காலம் அவர்கள் ஏறிய பஸ் கிளம்பிப் போகும் சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஏதோ ஒரு வளைவுக்குப் பிறகு சுத்தமாகக் கேட்காது. அதற்கப்புறம் குவார்ட்டர்ஸில் நான் மட்டும்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு உண்டு. அதில் ஆடு வளர்க்கும் ஓர் அம்மா இருந்தார். பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவார். மற்றபடி அவருக்கு ஆடும் சாமைக் காடும் சரியாக இருந்தது.

முதல் விடுமுறைக்கு வந்தபோது மனைவி ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. டிவியோடு ஒரு வயரும் ஹார்டு டிஸ்க்கோடு ஒரு வயரும் கொடுத்தால், டிஸ்க்கில் இருக்கும் படங்களை டிவியில் ஓட்டும். கூடவே ஒரே மாதிரி இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கியிருந்தாள். அவளோடு வேலை செய்யும் பெண்களிடமிருந்து சேர்த்த தமிழ்ப் படங்கள், மலையாளப் படங்கள் எல்லாவற்றையும் இரண்டிலும் ஏற்றி வைத்திருந்தாள். என் டிஸ்க்கில் மட்டும் எங்கள் கல்யாண வீடியோவும் ஒரு மூலையில் இருந்தது.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. ஞாயித்துக்கிழம ஒரே படத்த ஒரே நேரத்துல போடுவோம். போன காதுல வச்சிக்கினு பாப்போம்" என்றாள்.

"சினிமாவுக்குப் போன மாதிரி."

"டிக்கெட் இல்லாம."

அவள் திரும்பிப் போனதும் அப்படியே செய்தோம். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறைக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். அவள் அதை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக்கொண்டாள். காலையில் நான் ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து சோறாக்கிச் சாப்பிட்டு முடிப்பேன். மத்தியானம் அவள் கூப்பிடுவாள். குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு ஜன்னலோரத்தில்தான் சிக்னல் நிற்கும். அதனால் தையல் மெஷினை அந்த ஜன்னலுக்கு எதிரே நகர்த்தி, டிவியை அதன்மேல் வைத்து, நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். அவள் லேப்டாப்பிலும் நான் டிவியிலும் படத்தைத் திறந்து முதல் காட்சியிலேயே நிறுத்தி வைப்போம். அவள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பாள். மூன்று என்றதும் இரண்டு பேரும் அழுத்துவோம்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. அவள் பக்கத்துப் படத்தின் சத்தம் போனில் லேசாகக் கேட்கும். இங்கே ஒருவன் கதவைத் தட்டினால் அங்கேயும் தட்டுவான். அது எனக்குப் போதுமாக இருந்தது. நடுவில் அவள் எதையாவது கொறிக்கும் சத்தம் கேட்கும். "இன்னா துன்னுற?" என்பேன். "முறுக்கு" என்பாள். நானும் எழுந்து போய்ப் பொட்டுக்கடலை டப்பாவை எடுத்து வருவேன்.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் படம் திக்க ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு முகம் வாய் திறந்தபடி நிற்கும். பிறகு நாலு காட்சியை ஒன்றாக விழுங்கிவிட்டு ஓடும். மறுபடி நிற்கும். பேச்சு துண்டு துண்டாக வரும். நிமிடத்துக்கு நிமிடம் நான் பின்தங்கிக்கொண்டே போவேன். என் டிவியில் சிரிப்பு நடிகர் இன்னும் படியேறிக்கொண்டிருப்பார். அவள் போனில் சிரித்து முடித்துவிடுவாள். அடுத்து வரப்போவது சிரிப்பு என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது. ஒருநாள் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரோ சாகப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, யார் என்று பார்க்கக் காத்திருந்தேன்.

"நிக்குதா?" என்று கேட்பாள்.

"நிக்குது. நீ எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்க. நீங்க?"

"நான் இன்னும் கல்யாண வூட்லதான் இருக்கேன்."

அவள் நிறுத்தி வைப்பாள். நான் ஓட்டிப் பிடிப்பேன். மறுபடி "ஒண்ணு, ரெண்டு, மூணு". கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். இரண்டரை மணி நேரப் படம் சாயங்காலம் வரைக்கும் இழுக்கும். நிறுத்தும் நேரத்தில் எல்லாம் ஏதாவது பேசுவோம். அங்கே மீன் விலை, வார்டில் அழுத கிழவர், இங்கே கரடி வந்து பலா மரத்தில் ஏறியது. அப்போது எனக்கு அந்தப் பேச்சு கணக்கில் வரவில்லை. படம் கெடுகிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது. வாரம் முழுக்கக் காத்திருந்து கிடைக்கும் ஒரு மத்தியானம். அதுவும் இப்படி உடைந்து உடைந்து போனால் என்ன செய்வது.

அதைச் சரி செய்துவிட வேண்டும் என்று இறங்கினேன். சாயங்காலங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது என்றும் சொல்லலாம்.

முதலில் சிக்னலைச் சந்தேகப்பட்டேன். மலையில் எது கெட்டாலும் சிக்னலைத்தான் சொல்வோம். போனைச் சுத்தமாக அணைத்துவிட்டுப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் திக்கியது. பிறகுதான் புத்தி வந்தது. படம் இருப்பது டிஸ்க்கில். அதற்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து சூடு. பெட்டியைத் தொட்டால் இட்லித் தட்டைத் தொட்டது போல் இருந்தது. டிவிக்குப் பின்னால் இருந்து எடுத்து முன்னால் வைத்தேன். பின்பு மேஜை ஃபேனைக் கொண்டுவந்து அதன்மேல் காற்று வரும்படி திருப்பினேன். கார்த்திகைக் குளிரில் நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஃபேன் பெட்டிக்கு ஓடியது.

"இன்னாங்க அது, காத்து மாதிரி சத்தம்?" என்றாள் மனைவி.

"பொட்டிக்கு ஃபேன் போட்டிருக்கேன்."

"எனக்குக் காச்ச வந்தப்பகூட நீங்க இப்பிடி விசிறினதில்ல."

சிரித்தாள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது போல் இருந்தது. பாட்டு வந்ததும் நின்றுவிட்டது.

பிறகு வயர். மச்சான் வீட்டு மாடியில் கிடந்த இன்னொரு வயரை எடுத்து வந்து மாற்றினேன். பலனில்லை. பெட்டியில் ரீசெட் என்று ஒன்று உண்டு என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். குண்டூசியால் ஓட்டைக்குள் குத்தச் சொன்னார். குத்தினேன். பெட்டி புதிதாகப் பிறந்து, எனக்குத் தெரியாத ஏதோ பாஷையில் கேள்வி கேட்டது. பல் சக்கரம் போட்ட படம், பூமி உருண்டை போட்ட படம் என்று பார்த்துப் பார்த்து அழுத்தி, அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவதற்குள் சோறு குழைந்துவிட்டது. அவ்வளவு செய்தும் திக்கல் போகவில்லை.

ஒருநாள் ஒரு படத்தை மட்டும் பென் டிரைவில் ஏற்றி, அதே பெட்டியில் செருகி ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பம் முதல் கடைசி வரை எங்கேயும் நிற்கவில்லை. சந்தோஷப்படுவதற்குப் பதில் டிஸ்க்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்படியானால் டிஸ்க்தான் கெட்டுப்போகிறது. படங்கள் போனால் போகட்டும். கல்யாண வீடியோ அதில்தான் இருந்தது. சர்ச் படியில் அவளுடைய அப்பா நிற்பது அதில்தான் இருந்தது. அவர் இப்போது இல்லை.

அந்தச் சனிக்கிழமை பெட்டியையும் டிஸ்க்கையும் ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுகளில் பை மடியிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொண்டேன். கோமுகி அணை தெரிந்ததும் வெயிலும் தெரிந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் டிவி ரிப்பேர் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் என் வயதுக்காரர். யாருடனோ போனில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இன்னா சார் கம்ப்ளைண்ட்?"

"படம் நின்னு நின்னு ஓடுதுங்க. டிஸ்க் போச்சோன்னு பயமா இருக்குது."

வாங்கித் தன் டிவியில் மாட்டினார். போனை வைக்கவில்லை. படம் ஓடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பாட்டு வந்தது, சண்டை வந்தது, மழை வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. அவர் ஒரு பேச்சு முடித்து இன்னொரு பேச்சும் முடித்துவிட்டு வந்தார்.

"நல்லாத்தான ஓடுது."

"இங்க ஓடுது. மேல நிக்குது."

"அப்போ மலைதான் சார் கம்ப்ளைண்ட்" என்று சொல்லிவிட்டுத் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தார். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டும் பார்த்தார். அதற்கு ஒன்றும் இல்லை என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வலி வலி என்று வந்து, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வலிக்கவில்லை என்று சொல்லும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுடைய முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குள்ளிருந்தே தெரிந்தது.

மேலே வந்து மாட்டினேன். திக்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ட்யூட்டி மாறிவிட்டது. கூப்பிடவில்லை. நான் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, கடையில் இருந்தது எது, இங்கே இருப்பது எது என்று யோசித்தேன். பெட்டி அதே பெட்டி. டிஸ்க் அதே டிஸ்க். வயர் மாற்றியாகிவிட்டது. டிவி வேறு. ஆனால் பென் டிரைவ் இதே டிவியில்தான் ஓடியது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தபோது, படம் நிற்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கின் சின்ன நீல விளக்கு மங்குவதைக் கவனித்தேன். மங்கும், பிறகு ஏறும். ஆக்ஸிஜன் போதாதவர்கள் மூச்சு வாங்குவது போல் இருந்தது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரில் போய் முடிந்தது. அங்கே செருகியிருந்தது பெட்டியோடு வந்த அடாப்டர் இல்லை. அது ஐப்பசியில் விழுந்த ஓர் இடியில் கருகிப்போனது. அன்றைக்குப் பழைய போன் சார்ஜர் ஒன்று கையில் கிடைத்தது. பின் பொருந்தியது, விளக்கும் எரிந்தது, அப்படியே விட்டுவிட்டேன். கடைக்கு அதை எடுத்துப் போகவில்லை. அவர் தன்னுடைய அடாப்டரைப் போட்டிருப்பார். பெட்டியிலும் சார்ஜரிலும் எழுதியிருக்கும் சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பெட்டி கேட்பதில் பாதியைத்தான் அந்த சார்ஜர் கொடுக்கும். பெட்டி தானும் ஓடி டிஸ்க்கையும் சுற்ற வைக்க அது போதவில்லை. நாளெல்லாம் மாத்திரை அட்டையில் சின்ன எழுத்து படிக்கிறவன் நான். இதைப் படிக்க இவ்வளவு நாள் ஆனது.

அந்த வாரமே கீழே போய்ச் சரியான அடாப்டர் வாங்கி வந்தேன். மாட்டினேன். விளக்கு மங்கவில்லை. ஒரு முழுப் படத்தை நின்றபடியே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டதும் ஹலோகூடச் சொல்லவில்லை.

"சரியாயிடுச்சு."

"இன்னா சரியாயிடுச்சு?"

முழுக்கதையையும் சொன்னேன். இடி, சார்ஜர், நீல விளக்கு, எல்லாம். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பரவால்லயே" என்றாள். அவள் பக்கத்தில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "சரி, போடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

அன்றைக்குப் படம் வழுக்கிக்கொண்டு போனது. சிரிப்புக் காட்சியில் நான் சிரித்தேன், உடனே அவளும் சிரித்தாள். முந்தவில்லை. அந்த ஒரு சிரிப்புக்காகத்தானே இத்தனை பாடு என்று இருந்தது. அவள் பக்கத்துப் படச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கேட்டதற்கு, ரூமில் கூட இருக்கும் பெண்ணுக்கு நைட் ட்யூட்டி, பகலில் தூங்குகிறாள், அதனால் இயர்போன் போட்டிருக்கிறேன் என்றாள். சரி என்றேன்.

அப்படிப் பல வாரங்கள் போயின. படம் எங்கேயும் நிற்கவில்லை. நாங்களும் எங்கேயும் நிற்கவில்லை. தொடங்கினால் நேராக முடிவுக்குப் போவோம். முடிந்ததும் "நல்லாருந்துச்சில்ல?" என்பேன். "ம், நல்லாருந்துச்சு" என்பாள். சரி, துணி துவைக்கணும், வைக்கட்டுமா என்பாள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருக்கும். அந்த மிச்ச வெளிச்சத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து பூட்டிக் கிடக்கும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை நடந்துவிட்டுத் திரும்புவேன். வேலிக்கு அந்தப் பக்கத்து அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார். "இன்னா சார், சாப்ட்டாச்சா?" என்பார். ஆச்சு என்பேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. படத்தின் நடுவில் ஒரு பெண் தன் புருஷனுக்குத் தெரியாமல் ஒரு கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட வருகிறாள். புருஷன் பின்வாசலில் நுழைகிறான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. டிவி அணைந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"கரண்ட் போச்சு" என்றேன். "நீ நிறுத்தாத. எப்ப வரும்னு தெரியாது. நீ பாத்துக்கினே சொல்லு. அவன் பாத்துட்டானா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதா? அவன் பாத்துட்டானா இல்லியா?"

"தெரியலீங்க."

"உன்னோடதும் நின்னுடுச்சா?"

"என்கிட்ட படமே இல்லீங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. லைன் சரியில்லையோ என்று ஜன்னலுக்கு இன்னும் கிட்டே போனேன். அவள் மெதுவாகச் சொன்னாள். நான் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போன அந்த வாரம் அவளுடைய லேப்டாப் போய்விட்டது. திரை கறுத்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்துப் பார்த்தாள், ஆகாது என்றுவிட்டார்கள். அதைச் சொல்லலாம் என்று இருந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் ஹலோகூடச் சொல்லாமல் சரியாயிடுச்சு என்று ஆரம்பித்தேன்.

"நீங்க அவ்ளோ சந்தோஷமா சொன்னீங்க. ஃபேன் போட்டு, வயர மாத்தி, மலயிலேர்ந்து தூக்கிக்கினு போயி. என்னோடது போச்சுன்னு அப்ப எப்பிடி சொல்றது. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அடுத்த வாரமும் அப்பிடியே போயிடுச்சு."

"அப்ப இத்தினி நாளா நீ இன்னா பாத்த?"

"எதுவும் பாக்கல. கேட்டுக்கினு இருந்தேன். ரூம்ல அந்தப் பொண்ணு தூங்குது. நான் வெளிய மாடிப்படில வந்து குந்திக்குவேன். உங்க டிவி சத்தம் போன்ல நல்லா கேக்கும். நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. இருட்டில் ஒரு ஆளோடு பேசிக்கொண்டே நடந்து வந்து, விளக்கைப் போட்டுப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லாதது போல் இருந்தது. அந்தப் பொண்ணு சேலை நல்லாருக்கு இல்ல என்று நான் ஒரு படத்தில் கேட்டிருக்கிறேன். நல்லாருக்கு என்று சொல்லியிருக்கிறாள். என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாது. போன மாதம் ஒரு படம் பார்த்தோம். அதில் பாதிக்கு மேல் பேச்சே கிடையாது. மணலில் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். அந்த நேரமெல்லாம் அவள் ஒரு மாடிப்படியில், காதில் ஒன்றும் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினியே" என்றேன்.

"எண்ணாம எப்பிடி."

பிறகு அவளே பேசினாள். "படம் மட்டும் இல்லீங்க. நீங்க நாற்காலிய இழுக்கறது கேக்கும். டம்ளர வைக்கறது கேக்கும். பக்கத்து வூட்டு ஆடு கத்தும். ஒருநாள் நல்ல மழ, ஓட்டு மேல பேஞ்சுது. அன்னிக்கி உங்க படம் எனக்கு ஒண்ணுமே கேக்கல. மழதான் கேட்டேன். இங்க மழ ஏது."

லேப்டாப் வாங்கிக்கொள், நான் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வாங்கினாலும் அந்தப் பெண் தூங்கும் அறையில் வைத்துப் பார்க்க முடியாது என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். இரண்டு வருட ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதையும் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். இரண்டும் ஒன்றாக வந்துவிட்டது.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொன்னா வேணான்னுவீங்க."

நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்று இப்போதும் தெரியவில்லை. சரி என்று சொல்லும் பழக்கம் எனக்கு ஜாஸ்தி.

கரண்ட் வந்தது. டிவி தானாக எரிந்து, எந்தப் படம் வேண்டும் என்று முதல் பக்கத்தைக் காட்டியது. விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தேன். அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் போனை வைக்காமல் இருந்தாள்.

"அவன் பாத்துட்டானா?" என்று கேட்டாள்.

ஓட்டினேன். "பாத்துட்டான்" என்றேன்.

"எப்பிடிப் பாத்தான்? மூஞ்சி இன்னா மாதிரி இருக்குது?"

எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது. "கோவமா இருக்கான்" என்றேன்.

"கோவம்னா?"

"பேசாம நிக்கறான். கையில பை வச்சிருக்கான். பைய கீழ வைக்கல."

"அவ?"

"அவ அடுப்பத்தான் பாக்கறா. திரும்பல. பச்ச சேல. முந்தானையில கரி."

அன்றைக்கு முழுப் படத்தையும் அப்படிச் சொன்னேன். முதலில் வந்தவன் போனவன் என்றுதான் வந்தது. அவள் கேட்கக் கேட்கத்தான் எனக்கே கண்ணில் பட்டது, அந்த வீட்டுச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கியது, அந்தப் பெண் ஒரு காலில்தான் மெட்டி போட்டிருந்தாள் என்று. சொல்வதற்கு நேரம் பிடித்தது. நானே படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முடியும்போது வெளிச்சம் போயிருந்தது. தொண்டை கட்டிவிட்டது. அவள் துணி துவைக்கணும் என்று சொல்லவில்லை.

அதிலிருந்து எங்கள் ஞாயிறு அப்படித்தான். அவள் படியில் உட்கார்ந்துகொள்வாள். நான் சொல்வேன். முன்னைவிட நன்றாகச் சொல்ல வருகிறது என்கிறாள். நான் விட்டுவிடுவதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். "நடுவுல ஏதோ ஒடஞ்ச சத்தம் வந்துச்சே, அது இன்னா?" என்பாள். ஆனால் போனை வைத்த பிறகு அறை பழையபடியேதான் இருக்கும். படம் சொல்கிறவனாக ஆனதால் தனியாக இருப்பது கம்மியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த இரண்டு மூன்று மணி நேரம் வேறு மாதிரி போகிறது, அவ்வளவுதான். மற்ற நாட்களில் சாயங்காலப் பஸ் போன பிறகு நான் டிவியைப் போடுவதே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அவசரமாக ட்யூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்றைக்கு முடியாது என்று செய்தி மட்டும் அனுப்பினாள். நான் சாப்பிட்டுவிட்டு, பார்க்கலாம் என்று எடுத்து வைத்திருந்த படத்தைத் தனியாகப் போட்டேன். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார்.

"சார், வூட்டுக்கு யாரு வந்துக்கிறாங்க? உங்க வூட்டம்மா வந்துட்டாங்களா?"

"இல்லீங்களே. யாரும் வரலியே."

"பேச்சு சத்தம் கேட்டுச்சு. நெலப்படில குந்திக்கினு இருக்கா, சேப்புத் தாவணின்னு யாருகிட்டயோ சொல்லிக்கினு இருந்தீங்களே."

டிவியைப் பார்த்தேன். சிவப்புத் தாவணி போட்ட ஒரு பெண் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"டிவிங்க" என்றேன்.

"அப்பிடியா" என்றார் அவர். கொஞ்ச நேரம் வேலியோரமே நின்றார். பிறகு மழை வரப்போகிறது, கொடியில் துணி இருந்தால் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஆடுகளை அடைக்கப் போனார். நான் படத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். கொடியில் என்னுடைய இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும் இருந்தன. எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.